மருத்துவமும் ஆதாரமும்: பொது மருத்துவரின் பணியில் ஆய்வின் இடம்

ஒரு செய்தி ஆதாரபூர்வமானதா என வினவுவது முஸ்லிம் சமூகத்திற்குப் புதியதன்று. நபி (ஸல்) அவர்கள் கூறியதாக ஒருவர் ஒன்றைச் சொன்னால், அவர் அதனை யாரிடமிருந்து கேட்டார், அவருக்குச் சொன்னவர் யாரிடமிருந்து கேட்டார், இடையில் உள்ள ஒவ்வொருவரும் நேர்மையும் நினைவாற்றலும் உடையவர்களா என்று படிப்படியாக விசாரித்த பின்னரே முஹத்திஸ்கள் அதனை ஏற்றனர். செய்தி அழகானது என்பதோ, சொல்பவர் பக்திமான் என்பதோ அவர்களுக்குப் போதுமானதாக இருக்கவில்லை. ஸஹீஹ், ஹஸன், ளயீஃப் என்னும் தரப்பிரிவுகள் யாவும் அந்த விசாரணையின் விளைவுகளே.

ஆனால் இதே சமூகம், மருந்து பற்றிய செய்தியொன்று வந்தடையும்போது அவ்வினாவை மறந்துவிடுகின்றது. அண்டை வீட்டார் ஒருவருக்குக் குணமளித்தது என்பதற்காக ஒரு கஷாயம் ஊர் முழுவதும் பரவுகின்றது. தொண்டை வலித்தால் மருந்துக் கடைக்காரர் தரும் மாத்திரை கேள்வியின்றி விழுங்கப்படுகின்றது. மருத்துவர்களும் இதற்கு விதிவிலக்கல்லர். தாம் மாணவராயிருந்தபோது பேராசிரியர் செய்ததையே தாமும் செய்வது, மருந்து நிறுவனப் பிரதிநிதி சொன்னதை அப்படியே நம்புவது, கடந்த வாரம் பார்த்த ஒரு நோயாளியின் நினைவைக் கொண்டு அடுத்த நூறு நோயாளிகளுக்கும் தீர்மானம் எடுப்பது ஆகியன மருத்துவத்துறையில் நீண்டகாலம் இயல்பாகவே இருந்துவந்தன. "இது பயனளிக்கும் என்று எங்கிருந்து அறிந்தீர்?" என்ற வினாவை மருத்துவத்தின் நடுவில் கொண்டுவந்து வைத்ததே, ஆதாரபூர்வ மருத்துவம் எனப்படும் சிந்தனைப்போக்கின் சாரமாகும். அது பெரிய மருத்துவமனைகளுக்கு மட்டும் உரியதன்று. நாம் முதலில் சென்று அமரும் பொது மருத்துவரின் சிறிய அறையிலேயே அதன் தேவை மிகுதி என்பதை இக்கட்டுரை விளக்க முனைகின்றது.

மரபு தரும் பாடம்

ரை நகரிலும் பக்தாதிலும் மருத்துவமனைத் தலைவராகப் பணியாற்றிய அபூபக்ர் முஹம்மத் இப்னு ஸகரிய்யா அர்-ராஸி (இறப்பு கி.பி. 925), கிரேக்க மருத்துவ மேதை ஜாலீனூஸின் மீது பெருமதிப்புக் கொண்டவர். ஆயினும் அம்மேதையின் கருத்துகளில் தமக்கெழுந்த ஐயங்களைத் தொகுத்துத் தனி நூலொன்றையே எழுதினார். அவரது குறிப்புகளிலிருந்து அவரது மறைவுக்குப் பின் தொகுக்கப்பட்ட 'அல்-ஹாவீ' என்னும் பெருநூலில், மூளையுறை அழற்சியைக் குறிக்கும் 'ஸிர்ஸாம்' நோயைப் பற்றிய பகுதியொன்று உள்ளது. அந்நோய் அணுகுவதற்கான அறிகுறிகளைக் கொண்டவர்களில் ஒரு சாராருக்குத் தாம் குருதி வெளியேற்றும் சிகிச்சையைச் செய்ததாகவும், மற்றொரு சாராருக்கு வேண்டுமென்றே அதனைச் செய்யாது விட்டதாகவும், அதன்மூலம் ஒரு முடிவுக்கு வர விரும்பியதாகவும் அவர் அதில் பதிவு செய்துள்ளார். சிகிச்சை பெறாதோர் அனைவரும் நோய்க்கு ஆளாயினர் என்பது அவர் கண்ட முடிவு.

இப்னு ஸீனா (980–1037) தமது 'அல்-கானூன்' நூலில் மருந்தொன்றைப் பரீட்சிப்பதற்கு ஏழு நிபந்தனைகளை வகுத்தார். கலப்பு நோயில் அன்றித் தனியான ஒரு நோயிலேயே மருந்தைச் சோதிக்க வேண்டும், அதன் விளைவு எப்போதாவது அன்றிப் பெரும்பாலும் நிகழ்கின்றதா எனக் கவனிக்க வேண்டும், குதிரையிலோ சிங்கத்திலோ கண்ட பயனைக் கொண்டு மனிதனுக்குத் தீர்ப்புச் சொல்லலாகாது என்பன அவற்றுட் சில. அப்துல் லத்தீஃப் அல்-பக்தாதி (1162–1231) எகிப்தை வாட்டிய பெரும் பஞ்சத்தின் பின்னர் குவிந்து கிடந்த எலும்புகளை ஆராய்ந்தார். மனிதனின் கீழ்த்தாடை இரு எலும்புகளால் ஆனது என்பது ஜாலீனூஸின் கூற்று. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மண்டையோடுகளை நோக்கிய அல்-பக்தாதி, அது ஒரே எலும்பு என்று எழுதினார். மேதையின் வாக்கைவிடக் கண்ணால் கண்ட சான்று வலியது என்பது அவரது நிலைப்பாடாயிற்று.

இவற்றைக் கூறி, எல்லாம் நம்மவர் முன்பே கண்டவை என்று பெருமிதத்துடன் நிறுத்திக்கொள்வது நம்மிடையே ஒரு வழக்கமாகிவிட்டது. அவ்வழக்கம் ராஸிக்கே நீதி செய்வதாகாது. ஏனெனில், குருதி வெளியேற்றுவதால் மூளையுறை அழற்சி தடுக்கப்படுவதில்லை என்பதை இன்று நாம் அறிவோம். ராஸி கேட்ட கேள்வி சரியானது. ஆனால் அவருக்குக் கிடைத்த விடை பிழையானது. நேர்மையான ஒரு பேரறிஞர் ஒப்பிட்டுப் பார்த்த பின்னரும் தவறான முடிவுக்கு வந்தது எவ்வாறு? நவீன மருத்துவ ஆய்வின் முழு வரலாறும் இவ்வினாவுக்கான விடையே எனலாம்.

ஒப்பீடு மட்டும் போதுமா?

யாருக்குச் சிகிச்சை அளிப்பது, யாரை விட்டுவிடுவது என்பதை மருத்துவரே தெரிவு செய்தால், அவர் அறியாமலேயே தெம்புள்ளவர்கள் ஒரு பக்கமும் நலிந்தவர்கள் மறுபக்கமும் சேர்ந்துவிடக்கூடும். அப்போது இறுதியில் காணப்படும் வேறுபாடு மருந்தினால் வந்ததா, ஆளின் தன்மையால் வந்ததா எனப் பிரித்தறிய இயலாது. எண்ணிக்கை சிறிதாயின் தற்செயலும் ஏமாற்றும். மருந்து பெற்றவர் யாரென அறிந்த மருத்துவரின் கண் அவரிடத்தில் முன்னேற்றத்தையே தேடும். மேலும், பெரும்பாலான நோய்கள் எதுவும் செய்யாவிட்டாலும் தாமாகவே தணிபவை. கடைசியாக உட்கொண்ட மருந்துக்கு அப்புகழ் சென்று சேர்கின்றது.

இத்தடைகளை நீக்க வந்த முறையே எழுமாற்றுப் பரிசோதனையாகும். யார் எந்தக் குழுவில் சேர்வது என்பதை மருத்துவரோ நோயாளியோ தீர்மானிப்பதில்லை. சீட்டுக் குலுக்குவதை ஒத்த முறையொன்று தீர்மானிக்கின்றது. அதனால் வயது, வலிமை, வறுமை போன்ற அறிந்த வேறுபாடுகளும், நாம் அறியாத வேறுபாடுகளும் இரு பக்கமும் ஏறத்தாழச் சமமாகப் பங்கிடப்படுகின்றன.

1948ஆம் ஆண்டு பிரித்தானிய மருத்துவ ஆய்வு மன்றம் வெளியிட்ட ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வு இதற்கு முன்னோடி. அதனை வடிவமைத்தவர் புள்ளியியல் அறிஞர் ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில். கடுமையான நுரையீரல் காசநோய் கண்ட 107 பேரில் 55 பேருக்குப் படுக்கை ஓய்வுடன் அம்மருந்தும், 52 பேருக்குப் படுக்கை ஓய்வு மட்டுமும் அளிக்கப்பட்டன. ஆறு மாதங்களில் முதற்குழுவில் 4 பேரும் இரண்டாம் குழுவில் 14 பேரும் இறந்தனர். சிலருக்கு மருந்தை மறுத்தது அறமா என்ற கேள்வி எழுவது இயல்பே. போருக்குப் பின்னான பிரித்தானியாவில் அனைவருக்கும் தருமளவுக்கு அம்மருந்து கிடைக்கவில்லை. இருந்த சிறிதளவை யாருக்குக் கொடுப்பதென்பதைச் சீட்டுக்கு விட்டதே நியாயமான பங்கீடாகவும் அமைந்தது. மருந்தின் பயன் உண்மையாகவே ஐயத்திற்குரியதாக இருக்கும் வரைதான் இத்தகைய ஆய்வு அறத்துக்கு உட்பட்டது என்பது பின்னர் பொது விதியாயிற்று.

நல்லெண்ணம் விளைத்த தீங்கு

ஆதாரம் தேடுவது கல்விமான்களின் விவாதம் மட்டுமே என்று எண்ணுவோருக்கு ஓர் உதாரணம் போதும். பச்சிளங் குழந்தைகளைக் குப்புறப் படுக்கவைத்தல் நல்லது என்ற அறிவுரை, 1950களின் பிற்பகுதி முதல் மேலை நாடுகளில் பரவலாக வழங்கப்பட்டது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பெஞ்சமின் ஸ்போக்கின் புகழ்பெற்ற நூலும் அதனையே சொன்னது. மல்லாந்து கிடக்கும் குழந்தை வாந்தியெடுத்தால் மூச்சு அடைபடும் என்பது அதற்குக் கூறப்பட்ட காரணம். கேட்பதற்குப் பொருத்தமாகவே இருந்தது. எவரும் அதனைச் சோதிக்கவில்லை. 1990களின் தொடக்கத்தில்தான் குழந்தைகளை மல்லாந்து படுக்கவைக்குமாறு கூறும் இயக்கங்கள் தொடங்கின. உறக்கத்தில் நேரும் திடீர் மரணங்கள் சடுதியாகக் குறைந்தன. 2005இல் வெளியான மீளாய்வொன்று, அதுவரையிலான ஆய்வுகளை முறையாகத் தொகுத்திருந்தால் 1970ஆம் ஆண்டிலேயே ஆபத்து தெரிந்திருக்கும் என்று காட்டியது. அவ்வாறு செய்திருந்தால் பிரித்தானியாவில் சுமார் 10,000 குழந்தைகளும், ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரலேசியா ஆகிய பகுதிகளில் குறைந்தது 50,000 குழந்தைகளும் காப்பாற்றப்பட்டிருக்கலாம் என அது கணக்கிட்டது. அறிவுரை கூறியவர்கள் கொடியவர்கள் அல்லர். குழந்தைகளை நேசித்த மருத்துவர்களே.

மாரடைப்பிலிருந்து மீண்டவர்களுக்கு இதயத் துடிப்பின் ஒழுங்கின்மையைச் சரிசெய்யும் மாத்திரைகள் வழங்கப்பட்டதும் இவ்வாறானதே. ஒழுங்கற்ற துடிப்புடையோர் அதிகம் இறக்கின்றனர். மாத்திரை துடிப்பைச் சீராக்குகின்றது. ஆகவே மாத்திரை உயிர் காக்கும் என்பது தர்க்கம். அமெரிக்காவில் நடந்த எழுமாற்று ஆய்வில் மாத்திரை பெற்ற 755 பேரில் 63 பேரும், வெற்று மாத்திரை பெற்ற 743 பேரில் 26 பேரும் இறந்தனர். மாத்திரை துடிப்பைச் சீராக்கியது உண்மை. ஆனால் உயிரைக் காக்கவில்லை. காரணகாரியத் தர்க்கம் எவ்வளவு வலுவாகத் தோன்றினும் அது ஆதாரத்துக்கு ஈடாகாது என்பதை இவ்விரு நிகழ்வுகளும் உணர்த்துகின்றன.

உரிய மருத்துவ அறிவின்றி மருத்துவம் செய்பவர் விளையும் தீங்குக்குப் பொறுப்பாளியாவார் என்ற கருத்துடைய நபிமொழி அபூதாவூத், நஸாயீ, இப்னு மாஜா ஆகிய தொகுப்புகளில் பதிவாகியுள்ளது. நல்லெண்ணம் மட்டும் பொறுப்பிலிருந்து ஒருவரை விடுவிப்பதில்லை என்பது இதிலிருந்து பெறப்படும்.

மூன்று தூண்கள்

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மருத்துவர் ஆர்ச்சி காக்ரேன் (1909–1988) 1972இல் வெளியிட்ட நூலில், மருத்துவச் சேவைகளில் எவை உண்மையில் பயனளிக்கின்றன என்பதற்கு ஆதாரம் மிகக் குறைவாக இருப்பதைச் சுட்டிக்காட்டினார். அவரது பெயரைத் தாங்கி 1993இல் தோன்றிய பன்னாட்டு அமைப்பு, ஒவ்வொரு சிகிச்சை பற்றியும் உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் திரட்டி, தரம் பிரித்துத் தொகுத்து வருகின்றது. 1990களின் தொடக்கத்தில் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக அறிஞர்கள் இச்சிந்தனைக்குப் பெயரும் வடிவமும் கொடுத்தனர். அவர்களுள் ஒருவரான டேவிட் சாக்கெட் 1996இல் விளக்கியதன் சாரத்தையும், அதன் பின்னர் நிலைபெற்ற விரிவையும் சேர்த்து நோக்கினால் ஆதாரபூர்வ மருத்துவத்துக்குத் தூண்கள் மூன்று: கிடைக்கக்கூடிய மிகச்சிறந்த ஆய்வுச் சான்று, மருத்துவரின் சொந்த அனுபவத் திறன், நோயாளியின் விழுமியங்களும் விருப்பமும். முதலாவது மட்டுமே ஆதாரபூர்வ மருத்துவம் என்று கருதுவது பரவலான பிழையாகும். ஆய்வு பொதுவிதியைச் சொல்லும். முன்னால் அமர்ந்திருப்பவர் அப்பொதுவிதிக்குள் அடங்குபவரா என்பதை மருத்துவரே கண்டறிய வேண்டும். எதை ஏற்பது என்பதை நோயாளியே தீர்மானிக்க வேண்டும்.

ஹதீஸ் கலையோடு இதற்கு ஒப்புமை உண்டு, வேறுபாடும் உண்டு. இரண்டும் செய்தியைத் தரம் பிரிக்கின்றன. ஆனால் ஹதீஸ் கலை நடந்து முடிந்த ஒன்றின் அறிவிப்பைச் சோதிக்கின்றது. மருத்துவமோ ஒரே சோதனையை மீண்டும் மீண்டும் நடத்திப் பார்க்க வல்லது. எனவே மருத்துவத்தின் முடிவுகள் புதிய சான்று வரும்போது மாறும். அந்த மாற்றம் அதன் பலவீனமன்று. அதன் நேர்மையே அதுதான்.

பொது மருத்துவரே ஆய்வாளராக

மருத்துவமனைக்கு வந்துசேர்வோர் நோய் முற்றியவர்கள். பொது மருத்துவரிடம் வருவோரோ நோயின் தொடக்கத்தில், பலவேளைகளில் நோயே இல்லாத அச்சத்துடன் வருபவர்கள். எனவே மருத்துவமனையில் கண்ட உண்மைகள் பொது மருத்துவரின் அறைக்கு அப்படியே பொருந்துவதில்லை. இதனை முதலில் உணர்ந்தவர்களுள் ஒருவர் இங்கிலாந்தின் பர்ன்லி நகரில் பொது மருத்துவராயிருந்த ஜேம்ஸ் மெக்கன்சி (1853–1925). இதயநோயுற்ற இளம் பெண்ணொருவர் பிரசவத்தின்போது இறந்தது அவரை உலுக்கியது. எந்த அறிகுறி ஆபத்தானது, எது பாதகமற்றது என்பதைப் பாடநூல்கள் சொல்லவில்லை என்பதைக் கண்ட அவர், தம் நோயாளிகளின் நாடித் துடிப்பைக் கருவிகொண்டு பதிவு செய்து பல்லாண்டுகள் பின்தொடர்ந்தார். இடையிடையே தப்பித் துடிக்கும் இதயம் பெரும்பாலும் ஆபத்தற்றது என்ற அவரது முடிவு, வீணாகப் படுக்கையில் முடக்கப்பட்டிருந்த பலரை எழுந்து நடக்கவைத்தது. யார்க்ஷயரின் பள்ளத்தாக்கு ஒன்றில் பணியாற்றிய வில்லியம் பிக்கிள்ஸ், யார் யாரோடு எந்நாளில் பழகினார் என்பதைக் கிராமத்து மருத்துவர் ஒருவரால்தான் அறிய முடியும் என்பதைப் பயன்படுத்தி, தொற்று மஞ்சட்காமாலை உடலினுள் மறைந்திருக்கும் காலத்தைக் கணித்தார். அவரது நூல் 1939இல் வெளியாயிற்று. வேல்ஸின் சுரங்கத் தொழிலாளர் கிராமமான கிளின்கோர்க்கில் ஜூலியன் டூடர் ஹார்ட் (1927–2018), மருத்துவரை நாடி வராதவர்கள் உட்படத் தம் பராமரிப்பில் இருந்தோரின் இரத்த அழுத்தத்தை அளந்து, கால் நூற்றாண்டு பின்தொடர்ந்தார். மருத்துவ வசதி அதிகம் தேவைப்படும் மக்களுக்கே அது குறைவாகக் கிடைக்கின்றது என்று 1971இல் அவர் எழுதிய கருத்து இன்றும் மேற்கோளாகின்றது.

அன்றாட நோயொன்றை எடுத்துக்கொள்வோம். தொண்டை வலிக்கு ஆண்டிபயாடிக் தேவையா? 1997இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், பொது மருத்துவர்களிடம் தொண்டை வலியுடன் வந்த 716 பேர் எழுமாறாக மூன்று குழுக்களாக்கப்பட்டனர். முதற்குழுவுக்கு உடனே ஆண்டிபயாடிக் தரப்பட்டது; இரண்டாம் குழுவுக்குத் தரப்படவில்லை; மூன்றாம் குழுவினர் சில நாட்களில் குணமாகாவிட்டால் மட்டும் வந்து பெற்றுக்கொள்ளுமாறு கூறப்பட்டனர். மூன்றாம் நாளில் குணமடைந்திருந்தோர் முறையே 37, 35, 30 சதவீதம்; இவை பொருட்படுத்தத்தக்க வேறுபாடுகள் அல்ல. ஆனால் அடுத்த முறை தொண்டை வலித்தால் மருத்துவரிடம் வருவோம் என்று கூறியோர் முறையே 79, 54, 57 சதவீதம். மருந்து நோயை விரைவாகக் குணப்படுத்தவில்லை. மருந்தின் மீதான நம்பிக்கையையே வளர்த்தது. மருத்துவர் எழுதிக்கொடுக்கும் ஒவ்வொரு தேவையற்ற மருந்தும் அடுத்த தேவையற்ற மருந்துக்கு வழி வகுக்கின்றது; கிருமிகளும் அம்மருந்துகளை எதிர்த்து நிற்கப் பழகுகின்றன.

இம்முடிவை நமது நாடுகளுக்கு அப்படியே கொண்டுவரலாமா? இங்குதான் இரண்டாம் தூணின் தேவை புலப்படுகின்றது. தொண்டைத் தொற்றைத் தொடர்ந்து இதய வால்வுகளைச் சிதைக்கும் வாதக்காய்ச்சல் இங்கிலாந்தில் மிக அரிது. தெற்காசியாவின் ஏழைக் குடியிருப்புகளிலோ அது இன்னும் சிறுவர்களைத் தாக்குகின்றது. எனவே அத்தகைய இடத்தில் காய்ச்சலும் சீழ் படிந்த தொண்டையும் கழுத்துக் கட்டிகளுமாக வரும் சிறுவனை, சளியும் இருமலுமாக வரும் நடுவயதினரோடு ஒன்றாகக் கருதலாகாது. ஆய்வு எங்கு, எத்தகைய மக்களிடையே நடந்தது என்று கேட்பதும் ஆதாரம் தேடுவதன் ஒரு பகுதியே.

நோன்பும் நீரிழிவும்

மூன்றாம் தூணான நோயாளியின் விழுமியத்தை விளக்க, நம்மவர்க்கு மிக நெருக்கமான விடயம் ஒன்றுண்டு. ரமழானுக்குச் சில வாரங்களுக்கு முன் நீரிழிவு நோயாளி ஒருவர் மருத்துவரிடம் வந்து நோன்பு நோற்கலாமா என்று கேட்கின்றார். கூடாது என்று ஒரே சொல்லில் முடிப்பது சில மருத்துவர்களின் வழக்கம். நோயாளியோ மௌனமாக எழுந்து சென்று, நோன்பும் நோற்று, மாத்திரையையும் தம் விருப்பப்படி மாற்றிக்கொள்கின்றார்.

2001ஆம் ஆண்டு 13 நாடுகளில் 12,243 முஸ்லிம் நீரிழிவு நோயாளிகளிடையே நடத்தப்பட்டு 2004இல் வெளியான ஆய்வு, இம்மௌனத்தின் பின்னாலிருந்த உண்மையை வெளிப்படுத்திற்று. முதல் வகை நீரிழிவு உள்ளோரில் 43 சதவீதத்தினரும், இரண்டாம் வகையினரில் 79 சதவீதத்தினரும் குறைந்தது 15 நாட்கள் நோன்பு நோற்றிருந்தனர். இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழும் நிகழ்வுகள் ரமழானில் முதல் வகையினரிடையே 4.7 மடங்கும், இரண்டாம் வகையினரிடையே 7.5 மடங்கும் அதிகரித்தன. இவ்வெண்களை வாசிக்கும் முறையையும் அறிதல் வேண்டும். 7.5 மடங்கு என்பது அச்சமூட்டும். உண்மையில் அது, மாதமொன்றில் ஆயிரம் பேருக்கு 4 நிகழ்வுகளாக இருந்தது 30 ஆக உயர்ந்ததைக் குறிக்கும். முதல் வகையினரிடையேயோ 30 ஆக இருந்தது 140 ஆயிற்று. இங்கு மடங்கு குறைவு, ஆபத்து பெரிது. மடங்குக் கணக்கை மட்டும் சொல்பவர் நோயாளியை வீணாக அச்சுறுத்தவும் கூடும், வீணாகத் தைரியப்படுத்தவும் கூடும்.

ஆபத்தைக் குறைக்க வழியுண்டா? 2010இல் வெளியான லண்டன் ஆய்வொன்றில், ரமழானுக்கு முன் உணவு, மருந்து நேரம், சர்க்கரையைச் சோதித்தல் பற்றி முறையான பயிற்சி பெற்ற குழுவில் சர்க்கரை தாழ்ந்த நிகழ்வுகள் 9இலிருந்து 5 ஆகக் குறைந்தன. பயிற்சி பெறாத குழுவில் 9இலிருந்து 36 ஆகக் கூடின. எனினும் இவ்விரு குழுக்களும் எழுமாறாகப் பிரிக்கப்பட்டவை அல்ல. பயிற்சிக்கு வந்தோர் இயல்பிலேயே உடல்நலத்தில் அக்கறை கூடியவர்களாக இருந்திருக்கலாம். ராஸியின் ஆய்வில் நாம் கண்ட அதே குறைபாடு இது. ஆயினும் பயிற்சியினால் தீங்கில்லை, செலவும் குறைவு. ஆகவே இவ்வளவு சான்று செயலுக்குப் போதும்.

மருந்துகளைப் பற்றிய மற்றோர் ஆய்வு மேலும் நுட்பமான பாடம் தருகின்றது. 2011இல் வெளியான அது மத்திய கிழக்கு நாடுகளில் 1,066 நோன்பாளிகளிடையே நடந்தது. சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரையைத் தொடர்ந்தவர்களில் 13.2 சதவீதத்தினருக்கும், சிட்டாகிளிப்டின் என்னும் புதிய மாத்திரைக்கு மாறியவர்களில் 6.7 சதவீதத்தினருக்கும் சர்க்கரை தாழ்வின் அறிகுறிகள் தோன்றின. புதிய மாத்திரையைத் தயாரிக்கும் நிறுவனமே ஆய்வுக்கு நிதி வழங்கியது. தலைப்பை மட்டும் வாசிக்கும் மருத்துவர் விலைகூடிய மாத்திரையை எழுதிக்கொடுப்பார். உள்ளே வாசிப்பவரோ, பழைய வகையிலேயே கிளிபென்கிளமைடு உட்கொண்டோரில் 19.7 சதவீதத்தினருக்கும், கிளிக்லசைடு உட்கொண்டோரில் 6.6 சதவீதத்தினருக்கும் அத்தொல்லை நேர்ந்ததைக் காண்பார். விலை குறைந்த பழைய மாத்திரையொன்று புதியதற்கு நிகராகவே நின்றது. எந்தப் பழைய மாத்திரை யாருக்கு என்பது மட்டும் எழுமாறாகத் தீர்மானிக்கப்பட்டதன்று என்பதையும் நினைவிற் கொண்டு, ஏழை நோயாளிக்கு எது தகும் என்று அவர் சிந்திப்பார்.

நோயாளிக்கு நோன்பை வேறு நாட்களில் நோற்கும் சலுகையை அல்குர்ஆன் வழங்கியுள்ளது. அச்சலுகை யாருக்குரியது என்பதைத் தீர்மானிக்கையில் ஒருவரின் சொந்த அனுபவத்தோடு தேர்ச்சி பெற்ற, நம்பகமான மருத்துவரின் கூற்றையும் புகஹாக்கள் ஆதாரமாகக் கொண்டனர். 2009இல் ஷார்ஜாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகாடமி, மருத்துவ அறிஞர்கள் வகுத்த நான்கு ஆபத்துப் பிரிவுகளை அடிப்படையாகக் கொண்டே நீரிழிவு நோயாளிகளின் நோன்பு பற்றித் தீர்மானம் எடுத்தது. 2021இல் பன்னாட்டு நீரிழிவு கூட்டமைப்பு வெளியிட்ட வழிகாட்டி, ஒவ்வொரு நோயாளிக்கும் புள்ளிகள் கணக்கிட்டுக் குறைந்த, நடுத்தர, உயர்ந்த ஆபத்து எனப் பிரிக்கும் முறையைத் தந்துள்ளது. ஆக, மருத்துவரின் கூற்று இங்கு மார்க்கத் தீர்ப்பின் ஒரு பகுதியாகவே ஆகிவிடுகின்றது. அக்கூற்று ஆதாரமின்றி அமையுமாயின், ஒருவர் நோற்க இயலும் நோன்பை இழப்பார். மற்றொருவர் உயிரையே இழக்க நேரிடும். அக்காலத்து புகஹாக்கள் நாடிய தேர்ச்சி, இன்று இவ்வாய்வுகளை அறிந்திருப்பதையும் உள்ளடக்கும்.

கருஞ்சீரகமும் நமது பொறுப்பும்

இறுதியாக, நம்மிடையே தயக்கத்துடனேயே பேசப்படும் விடயம். கருஞ்சீரகம் மரணத்தைத் தவிர எல்லா நோய்க்கும் நிவாரணம் என்ற கருத்துடைய நபிமொழி ஸஹீஹானது. அதனைக் காட்டி இன்சுலினையே நிறுத்திவிடுவோர் உள்ளனர். இங்கு செய்தியின் ஸனத் ஐயத்திற்குரியதன்று. அதன் பொருளே ஆராயத்தக்கது. எல்லா நோய் என்ற சொல் பொதுவாக அமைந்திருப்பினும் குறிப்பிட்ட இயல்புள்ள நோய்களையே சுட்டுகின்றது என்று ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டின் அறிஞர் இமாம் அல்-கத்தாபி விளக்கினார். மதீனாவாசிகள் பேரீச்சைக்கு மகரந்தம் சேர்ப்பது பற்றி நபி (ஸல்) அவர்கள் தமது அபிப்பிராயத்தைக் கூறியதும், விளைச்சல் குறைந்தபோது இத்தகைய உலக விவகாரங்களை நீங்களே நன்கறிவீர்கள் என்ற கருத்தைத் தெரிவித்ததும் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளன. நபியவர்கள் மார்க்கத்தைக் கற்பிக்கவே அனுப்பப்பட்டார்கள்; மருத்துவம் பற்றிய செய்திகள் அரபிகளின் அனுபவ வழக்கைச் சார்ந்தவை என்று இப்னு கல்தூன் (1332–1406) தமது 'முகத்திமா'வில் வாதிட்டார். இப்னுல் கையிம் போன்றோரின் நோக்கு இதனின்றும் வேறுபட்டது. எந்நோக்கை ஏற்பினும், குறிப்பிட்ட நோயாளிக்குக் குறிப்பிட்ட அளவில் ஒரு மருந்து போதுமா என்பது சோதித்தறிய வேண்டிய கேள்வியாகவே எஞ்சும். கருஞ்சீரகம் பற்றிச் சிறு அளவிலான ஆய்வுகள் நடந்துள்ளன. சர்க்கரையையும் கொழுப்பையும் ஓரளவு குறைக்கலாம் என்பதற்கான அறிகுறிகள் அவற்றில் உண்டு. இன்சுலினுக்கு மாற்றாகும் என்பதற்கு ஆதாரம் இல்லை. நபிமொழிக்கு மரியாதை செய்வதாக எண்ணி, அது சொல்லாததை அதன்மீது ஏற்றி, ஓர் உயிரைப் பணயம் வைப்பது பக்தியாகாது.

ஆதாரத்துக்கும் எல்லைகள் உண்டு. பயனளித்த ஆய்வுகள் பிரசுரமாகிப் பயனளிக்காதவை அலமாரியில் உறங்குவதுண்டு. முதியோரும் கர்ப்பிணிகளும் ஏழை நாட்டவரும் பல ஆய்வுகளில் சேர்க்கப்படுவதில்லை. ஆதாரம் இல்லை என்பதும், பயனில்லை என்பதற்கு ஆதாரம் உண்டு என்பதும் ஒன்றல்ல. சோதிக்கப்படாத கேள்விகளின் முன்னால் மருத்துவர் தமது அறியாமையை ஒப்புக்கொள்வதும் அறிவே. தமக்குத் தெரியாததைத் தெரியாது என்று கூறிய இமாம்கள் நமது மரபில் போற்றப்பட்டே வந்துள்ளனர்.

நாம் ஒவ்வொருவரும் மருத்துவரின் முன் அமரும்போது மரியாதையுடன் கேட்கத்தக்க கேள்விகள் நான்கு உள்ளன. இச்சிகிச்சையால் என்ன பயன்? என்ன தீங்கு நேரலாம்? வேறு வழி உண்டா? எதுவும் செய்யாதிருந்தால் என்ன ஆகும்? நல்ல மருத்துவர் இக்கேள்விகளால் கோபமடைய மாட்டார். அறிவில்லாத ஒன்றைப் பின்தொடர வேண்டாம் என்றும், செவி, பார்வை, உள்ளம் ஆகிய யாவும் விசாரிக்கப்படும் என்றும் அல்குர்ஆன் எச்சரிக்கின்றது. உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். செய்தியை ஏற்குமுன் எங்கிருந்து வந்தது என்று கேட்கக் கற்றுத்தந்த சமூகம், மருந்தை ஏற்குமுன்னும் அதே கேள்வியைக் கேட்குமாயின், அதுவே ராஸிக்கும் அல்-பக்தாதிக்கும் நாம் செலுத்தும் உண்மையான மரியாதையாகும்.